விற்ற பொருளில் வில்லங்கம்

காசு கொடுத்து வாங்கிய கருவியில் இருந்த ஒரு வசதியை, உற்பத்தியாளர் தன் இடத்தில் இருந்தபடியே நீக்கிவிட முடியும் என்ற நிலை வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அது முறையா, முறையல்ல என்றால் எந்தச் சட்டத்தின்படி முறையல்ல என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள். ஒரு வழக்கை மட்டும் சற்று விரிவாக எடுத்துக்கொள்கிறேன். மற்றவை அதன் வெளிச்சத்தில் தாமாகவே விளங்கும்.

2010 ஏப்ரல் 1 அன்று சோனி நிறுவனம் தன் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்கு 3.21 என்ற எண்ணுள்ள அப்டேட்டை வெளியிட்டது. அப்டேட் என்றால் புதிதாக ஏதாவது சேரும், அல்லது பழைய பிழை ஒன்று சரியாகும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். இந்த அப்டேட்டின் முதன்மையான வேலையோ, இருந்த வசதி ஒன்றை எடுத்துவிடுவது. 2006 நவம்பரில் அந்தக் கருவி சந்தைக்கு வந்தபோதே, வேறோர் இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளும் வழி அதன் மெனுவில் இருந்தது. அதன் மூலம் லினக்ஸை நிறுவி, விளையாட்டுக் கருவியை முழுக் கணினியாகவே பயன்படுத்தலாம். சோனி, தோஷிபா, ஐபிஎம் ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கிய 'செல்' என்ற செயலி அதனுள் இருந்தது. கணக்கீட்டு வேகத்தில் அந்த விலைக்கு அதற்கு இணையானது அப்போது கிடைப்பது அரிது. அமெரிக்காவில் 499 டாலருக்கும் 599 டாலருக்கும் விற்ற கருவி அது. மாசசூசெட்ஸ் டார்ட்மவுத் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் கௌரவ் கன்னா இந்தக் கருவிகளை ஒன்றோடொன்று இணைத்து, கருந்துளைகள் சார்ந்த ஈர்ப்பலைக் கணக்கீடுகளைச் செய்தார். அமெரிக்க விமானப்படையின் ஆய்வுக்கூடம் நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரில் சுமார் 1,700 பிளேஸ்டேஷன்களைக் கோத்து ஒரு மீக்கணினியையே கட்டியது. இவர்கள் எவரும் திருட்டுத்தனமாக எதையும் செய்யவில்லை. நிறுவனமே வைத்துக் கொடுத்த கதவு வழியாகத்தான் உள்ளே போனார்கள்.

2009-இல் மெல்லிய வடிவத்தில் புதிய பிளேஸ்டேஷன் 3 வந்தபோது அதில் இந்த வசதி இல்லை. அதில் தவறொன்றும் இல்லை. இல்லாததை இல்லையென்று சொல்லி விற்பது விற்பவரின் உரிமை. ஏற்கெனவே விற்ற கருவிகளில் அது தொடரும் என்றும் சோனி தரப்பு அப்போது உறுதி கூறியது. ஓராண்டுகூட ஆகவில்லை. 2010 ஜனவரியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற இளைஞர், லினக்ஸ் வழியாகக் கருவியின் உட்காப்பை உடைத்துவிட்டதாக அறிவித்தார். பாதுகாப்பைக் காரணம் காட்டி, பழைய கருவிகள் எல்லாவற்றிலிருந்தும் அந்த வசதியை நீக்கும் அப்டேட்டை மார்ச் இறுதியில் சோனி அறிவித்தது.

அப்டேட்டை ஏற்கலாம், மறுக்கலாம் என்று நிறுவனம் சொன்னது. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மொத்த விவகாரத்தின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. ஏற்றால் லினக்ஸ் போகும், அதில் சேமித்தவையும் கைக்கு எட்டாமல் போகும். மறுத்தால் சோனியின் இணைய வலைப்பின்னலில் நுழைய முடியாது. பிறரோடு இணையவழி ஆட முடியாது. புதிய அப்டேட்டைக் கோரும் விளையாட்டுகளும் ப்ளூரே வட்டுகளும் ஓடா. அதாவது, வாங்கியவர் இரண்டு வசதிகளுக்கும் சேர்த்து ஒரே விலை கொடுத்திருந்தார். இப்போது எதை இழக்க விரும்புகிறாய் என்று அவரிடம் கேட்கப்பட்டது. ஒன்றை விட்டால்தான் மற்றது என்ற நிலையில் வைத்துவிட்டுக் கேட்கப்படும் சம்மதத்தைச் சம்மதம் என்று நான் ஏற்க மாட்டேன்.

வடக்குக் கலிபோர்னியக் கூட்டரசு நீதிமன்றத்தில் உடனே வழக்கு தொடுக்கப்பட்டது. 2011 டிசம்பரில் அது தள்ளுபடியானது. வாங்கியவர்களின் மனக்குறை புரிந்துகொள்ளக்கூடியதுதான், ஆனால் சோனியைப் பொறுப்பாக்கும் சட்ட அடிப்படையை அவர்கள் காட்டவில்லை என்ற கருத்தில் நீதிபதி தீர்ப்பளித்தார். 2014 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கின் ஒரு பகுதிக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. அதன்பின் ஒரு சமரசம் எழுதப்பட்டு, நீதிமன்றத்தால் மறுக்கப்பட்டு, வேறொன்று எழுதப்பட்டு, கடைசியில் 2018-இல் 37.5 லட்சம் டாலரோடு எல்லாம் முடிந்தது. ஆளுக்கு அதிகபட்சம் 65 டாலர். எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தக் கருவியின் அடுத்த தலைமுறையும் வந்துவிட்டது. விமானப்படையே வாடிக்கையாளராக இருந்த ஒரு வசதியைப் பறித்ததற்கான தீர்வு இவ்வளவு தாமதமாக, இவ்வளவு சிறியதாக வந்தது என்றால், சட்டத்தின் கேள்வியிலேயே ஏதோ கோளாறு இருக்கிறது என்று பொருள்.

அந்தக் கோளாறு எது என்பதுதான் என் வாதம். நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகளைச் சேவை குறித்த வழக்குகளாகப் பார்க்கப் பழகிவிட்டன. ஒரு நிறுவனம் தன் இணையச் சேவையை எத்தனை காலம் நடத்தக் கடமைப்பட்டிருக்கிறது என்று கேட்கின்றன. இப்படிக் கேட்டால் விடை நிறுவனத்துக்குச் சாதகமாகவே வரும். ஏனெனில் எந்தச் சேவையும் எக்காலமும் நடக்க வேண்டும் என்று எவரும் ஒப்பந்தம் செய்வதில்லை. ஆனால் லினக்ஸ் வசதிக்குச் சோனியின் சேவை எதுவும் தேவைப்படவில்லை. அது வாங்கியவரின் வீட்டில், வாங்கியவரின் மின்சாரத்தில், வாங்கியவரின் வன்வட்டில் ஓடியது. அதை நிறுத்தியபோது சோனி தான் செய்துகொண்டிருந்த ஒரு வேலையைக் கைவிடவில்லை. பிறருடைய பொருளுக்குள் கைவிட்டு அதை மாற்றியது. எனவே இது அனுபோகம் குறித்த கேள்வி. விற்ற பிறகு, வாங்கியவரின் அனுபோகத்தில் விற்றவர் தலையிடலாமா?

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் நூற்றாண்டு கடந்த விடை இருக்கிறது. 1893-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் சரக்கு விற்பனைச் சட்டம், விற்பனை ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் ஓர் உத்தரவாதம் எழுதாமலே அடங்கியிருக்கிறது என்று சொன்னது: வாங்கியவர் பொருளை இடையூறின்றி அனுபவிப்பார் என்பதே அது. அதே உத்தரவாதத்தை இந்தியாவின் சரக்கு விற்பனைச் சட்டம், 1930, தன் 14-ஆம் பிரிவில் அப்படியே எடுத்துக்கொண்டது. நம் கிரயப் பத்திரங்களை வாசித்தவர்களுக்கு இந்தக் கருத்து புதிதல்ல. சொத்தைச் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது, பின்னால் வில்லங்கம் ஏதும் வந்தால் தானே முன்னின்று தீர்ப்பது என்று விற்பவர் எழுதிக் கொடுக்கிறார். வீட்டை விற்றவர் ஓராண்டு கழித்து வந்து மாடிப்படியை இடித்துவிட்டு, கீழ்த்தளம் அப்படியே இருக்கிறதே என்று சொன்னால் ஊர் ஒப்புக்கொள்ளாது. அசையாச் சொத்துக்கு இருக்கும் இந்த நியாயம் அசையும் பொருளுக்கும் உண்டு என்பதைத்தான் 14-ஆம் பிரிவு சொல்கிறது. அமெரிக்காவின் வணிகச் சட்டத் தொகுப்பு இதைத் தனியொரு உத்தரவாதமாக வைத்துக்கொள்ளவில்லை. பிளேஸ்டேஷன் வழக்கு அங்கே தடுமாறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. நமக்கு அந்தக் குறை இல்லை.

இந்தப் பழைய உத்தரவாதம் மென்பொருளுக்குப் பொருந்துமா என்ற ஐயத்துக்கும் இடமில்லை. இங்கிலாந்தில் ரூபிகான் கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம், யுனைடெட் பெயின்ட்ஸ் என்ற நிறுவனத்துக்குக் கணினி அமைப்பு ஒன்றை விற்றிருந்தது. பணம் குறித்த தகராறில், விற்றவர் அந்த அமைப்பில் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் இயங்காதபடி ஒரு பூட்டை நுழைத்துவிட்டார். அது இடையூறற்ற அனுபோகத்துக்கான உத்தரவாதத்தை மீறிய செயல் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இணைய அப்டேட்டுகள் பரவலாவதற்கு முன்பே வந்த தீர்ப்பு அது. அதைவிடவும் முக்கியமாக எனக்குப் படுவது 1975-ஆம் ஆண்டின் மைக்ரோபீட்ஸ் வழக்கு. சாலைகளில் கோடு போடும் இயந்திரங்களை ஒரு சுவிஸ் நிறுவனம் 1970-இல் விற்றது. விற்ற பிறகு வேறொருவரின் காப்புரிமை விண்ணப்பம் வெளியாகி, 1972-இல் காப்புரிமையும் வழங்கப்பட்டு, வாங்கியவர் அந்த இயந்திரங்களைப் பயன்படுத்துவதற்கே இடையூறு வந்தது. விற்றவருக்கு விற்பனையின்போது இது தெரியாது. அவர் மீது குற்றம் ஏதுமில்லை. ஆயினும் பொறுப்பு அவருடையதே என்றது டென்னிங் பிரபு தலைமையிலான அமர்வு. இருவரும் குற்றமற்றவர்கள் என்றால், இழப்பை விற்றவர் தாங்குவதே நியாயம் என்பது அதன் அடிப்படை.

மைக்ரோபீட்ஸ் வழக்கு ஏன் முக்கியம் என்றால், உற்பத்தியாளர்கள் இன்று அடிக்கடி சொல்லும் சமாதானம் ஒன்றுக்கு அது நேர் விடை. 2022 ஜனவரியில் அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம், கூகுள் நிறுவனம் சோனோஸின் ஐந்து காப்புரிமைகளை மீறியதாக முடிவு செய்தது. உடனே கூகுள், வீட்டில் உள்ள பல ஒலிபெருக்கிகளின் ஒலியளவை ஒரே சமயத்தில் கூட்டிக் குறைக்கும் வசதியைப் பயனர்களிடமிருந்து எடுத்துவிட்டது. ஒவ்வொரு ஒலிபெருக்கியையும் தனித்தனியே சரிசெய்துகொள்ளுங்கள் என்றது. எங்களுக்கு வேறு வழியில்லை என்ற விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். வழியில்லை என்பது வசதியை நீக்கியதற்குக் காரணமாகலாம். விலையில் ஒரு பங்கைத் திருப்பித் தராமல் இருப்பதற்குக் காரணமாகாது. இதே போன்ற நெருக்கடி ஆப்பிள் நிறுவனத்துக்கு 2024 ஜனவரியில் வந்தது. இரத்த ஆக்சிஜனை அளக்கும் வசதியை அது அமெரிக்காவில் அதன்பின் விற்ற கைக்கடிகாரங்களில் மட்டும் முடக்கியது. அதற்குமுன் வாங்கியவர்களின் கடிகாரங்களில் வசதி இருந்தபடியே இருந்தது. விற்றவை, விற்கப்போகிறவை என்ற கோட்டை நிறுவனங்களால் வரைய முடியும் என்பதற்கு இது சான்று.

பாதுகாப்பு என்ற காரணம் இதைவிட வலுவானது. அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. 2019-இல் டெஸ்லா கார்கள் சில நிறுத்தியிருந்த இடத்திலேயே தீப்பற்றியதைத் தொடர்ந்து, அந்த நிறுவனம் பழைய மாடல்களின் பேட்டரி ஏற்கும் மின்னழுத்தத்தை ஓர் அப்டேட் மூலம் குறைத்தது. ஒருமுறை மின்னேற்றினால் ஓடும் தூரம் குறைந்தது. தீப்பிடிப்பதைத் தடுக்க எடுத்த நடவடிக்கை தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் செலவை யார் ஏற்றார்கள்? குறைந்த தூரத்தோடு ஓட்டிய உரிமையாளர்கள் ஏற்றார்கள். அமெரிக்காவில் 1,743 கார்களின் உரிமையாளர்களுக்குத் தலா 625 டாலர் கிடைப்பதற்கு வழக்கும் 2021-இல் ஒரு சமரசமும் தேவைப்பட்டன. இதற்கு நேர்மாறான உதாரணம் சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7. 2016-இல் அந்தக் கைப்பேசிகள் தீப்பற்றியபோது, நிறுவனம் முதலில் பணத்தையோ மாற்றுக் கருவியையோ தருவதாக அறிவித்துத் திரும்பப் பெற்றது. பிறகும் திருப்பித் தராமல் இருந்த கருவிகளை மின்னேற்ற முடியாதபடி டிசம்பரில் ஓர் அப்டேட் மூலம் முடக்கியது. ஆபத்து உண்மையானது என்றால் வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும்: முதலில் ஈடு, பிறகு முடக்கம்.

பிளேஸ்டேஷனின் பாதுகாப்புக் காரணமோ வேறு வகை. அங்கே காக்கப்பட்டது வாங்கியவரின் உயிரோ உடைமையோ அல்ல. விளையாட்டு வட்டுகளைக் கள்ளப்படி எடுப்பதிலிருந்து நிறுவனத்தின் வருவாய் காக்கப்பட்டது. அது நியாயமான அக்கறைதான். ஆனால் தன் வருவாயைக் காக்க அடுத்தவர் பொருளைக் குறைக்கிறவர், குறைத்ததற்கு விலை கொடுக்க வேண்டாமா? அந்தக் காப்பும் நிலைக்கவில்லை. அதே 2010-இன் இறுதியில், கருவியின் கையொப்பச் சோதனையில் இருந்த அடிப்படைப் பிழையை ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற குழு பெர்லின் மாநாடு ஒன்றில் அம்பலப்படுத்தியது. லினக்ஸை எடுத்ததே தங்களை இந்த வேலையில் இறக்கியது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். நேர்மையான பயனர் வசதியை இழந்தார். எவரைத் தடுக்க அது நீக்கப்பட்டதோ அவர் தடுக்கப்படவில்லை.

இன்னொரு வகையில் பாதுகாப்பு என்ற பெயர் வெறும் போர்வையாகிவிடுகிறது. 2016 செப்டம்பர் 13 அன்று எச்பி நிறுவனத்தின் பல பிரிண்டர்கள், வேறு நிறுவனங்களின் இங்க் கார்ட்ரிட்ஜ்களைத் திடீரென மறுக்கத் தொடங்கின. முந்தைய நாள்வரை அதே கார்ட்ரிட்ஜில் அச்சடித்துக்கொண்டிருந்தவை அவை. இதற்கு நிறுவனம் வைத்திருந்த பெயர் இயங்குநிலைப் பாதுகாப்பு. எதிர்ப்பு எழுந்ததும் மன்னிப்புக் கேட்டு, அந்தத் தடையை நீக்கும் மாற்று மென்பொருளைத் தந்தது. அமெரிக்காவில் 15 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 2020 டிசம்பரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஒரு கோடி யூரோ அபராதம் விதித்தது. அந்தப் பிரிண்டரால் வாங்கியவருக்கு எந்த ஆபத்தும் இருக்கவில்லை; அவர் மலிவான மையை வாங்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

விற்றது வன்பொருளை மட்டும், மென்பொருளுக்கு உரிமம்தான் கொடுத்தோம் என்பது அடுத்து எழும் வாதம். வாங்குகிறவர் உலோகத்தையும் கண்ணாடியையும் எடை போட்டு வாங்குவதில்லை. பெட்டியிலும் விளம்பரத்திலும் சொன்ன வேலைகளைச் செய்யும் ஒரு கருவியை ஒரே விலையில் வாங்குகிறார். கடையில் விற்பனை என்று ரசீது போட்டுவிட்டு, வீட்டில் திரையைத் திறந்ததும் உரிமம் என்று சொல்வது, விலையை விற்பனையின் அளவுக்கு வாங்கிக்கொண்டு பொறுப்பை வாடகையின் அளவுக்குக் குறைப்பதாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012-இல் யூஸ்டுசாஃப்ட் வழக்கில், காலவரம்பின்றி ஒரு தொகைக்கு வழங்கப்படும் மென்பொருள் உரிமம் விற்பனையே என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்துக்கு என்ன பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்று பார்க்காமல், நடந்தது என்ன என்று அந்த நீதிமன்றம் பார்த்தது.

இனி, 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தினீர்களே என்ற வாதம். இதை மதித்தே விடை சொல்ல வேண்டும். ஏனெனில் நம் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. எழுதாமலே அடங்கியிருக்கும் உத்தரவாதங்களை வெளிப்படையான ஒப்பந்தத்தால் நீக்கலாம், மாற்றலாம் என்கிறது அதன் 62-ஆம் பிரிவு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கணினியில் உள்ள தகவலை மாற்றுவதோ அதன் மதிப்பையும் பயனையும் குறைப்பதோ ஈடு தர வேண்டிய செயல் என்கிறது. கைப்பேசியும் விளையாட்டுக் கருவியும் அந்தச் சட்டத்தின் கண்ணில் கணினிகளே. ஆக, இரண்டு சட்டங்களிலும் வாசலில் நிற்பது ஒரே கேள்வி: அனுமதி கொடுத்தாரா? பொத்தானை அழுத்தியதை அனுமதி என்று எடுத்துக்கொண்டால் இரண்டு சட்டங்களும் செயலிழந்துபோகும். இங்கே நம் உச்ச நீதிமன்றத்தின் துணை நமக்கு இருக்கிறது. 1986-இல் பிரஜோநாத் கங்குலி வழக்கில், பேரம் பேசும் வலிமையற்றவர் முன் நீட்டப்படும் அச்சடித்த ஒப்பந்தத்தின் நேர்மையற்ற நிபந்தனை செல்லாது என்று அது சொன்னது. அது வேலை ஒப்பந்தம் பற்றிய வழக்கு. 2019-இல் பயனியர் அர்பன் வழக்கில், வீடு வாங்குவோர் மேல் கட்டுமான நிறுவனம் சுமத்திய ஒருதலையான நிபந்தனைகளை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே தீர்மானித்தது. கோடிக்கணக்கில் விலையுள்ள வீட்டை வாங்குகிறவருக்கே பேரம் பேச வழியில்லை என்று நீதிமன்றம் ஒப்புக்கொள்கிறது என்றால், மறுத்தால் கருவியே திறக்காது என்ற நிலையில் பொத்தானை அழுத்துகிறவருக்கு அந்தக் காப்பு இன்னும் உரிமையோடு சேர வேண்டும்.

சட்டத்தில் ஓட்டைகள் இல்லையென்று நான் சொல்லவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, நேர்மையற்ற ஒப்பந்தம் எது என்பதற்கு ஆறு வகைகளைச் சொல்கிறது. காரணமின்றி ஒருதலையாக ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது அதில் இருக்கிறது. பொருளின் தன்மையை ஒருதலையாக மாற்றுவது இல்லை. 1993-ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறியாணையின் பின்னிணைப்பில் அது வெளிப்படையாகவே இருக்கிறது. நம் சட்டத்தில் நுகர்வோருக்குப் பாதகமான நியாயமற்ற நிபந்தனை என்ற பொதுவான ஆறாவது வகைக்குள் இதை அடக்கி வாதாட வேண்டியிருக்கிறது. அப்படி வாதாடுவதற்கும் மாவட்ட ஆணையத்துக்குப் போக முடியாது. நேர்மையற்ற ஒப்பந்தம் குறித்த புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான். பதினைந்தாயிரம் ரூபாய் கைப்பேசிக்காக ஒருவர் மாநில ஆணையத்தின் படியேற வேண்டும் என்பது பொருந்தாத ஏற்பாடு. தயாரிப்புப் பொறுப்பு என்ற தனி அத்தியாயம் ஒன்று அதே சட்டத்தில் உண்டு. ஆனால் பொருளுக்கே நேரும் கேடு அங்கே கேடாகக் கருதப்படாது என்று விளக்கம் எழுதிவிட்டதால், வசதியை இழந்த கருவிக்கு அந்த வாசலும் அடைத்திருக்கிறது. ஐரோப்பாவைப் பின்பற்றினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2019-இல் அங்கே வந்த டிஜிட்டல் உள்ளடக்க நெறியாணையின் 19-ஆம் விதி மிக நல்ல விதி. தக்க காரணம் இருக்க வேண்டும், கூடுதல் செலவு கூடாது, முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும், பயன் குறைந்தால் நுகர்வோர் 30 நாளுக்குள் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் அது தனியாக விற்கப்படும் மென்பொருளுக்கும் சேவைக்கும் எழுதப்பட்டது. கருவிக்குள்ளேயே பொதிந்து விற்கப்படும் மென்பொருளுக்கு உடன்பிறந்த இன்னொரு நெறியாணை பொருந்தும். அதில் இத்தகைய விதி இல்லை. பாதிப்பு அதிகமாக நடக்கும் இடத்தில் காப்பு இல்லாமல் போய்விட்டது. நாம் எழுதும்போது 19-ஆம் விதியைக் கருவிகளுக்கே முதலில் எழுத வேண்டும்.

நிறுவனம் எக்காலமும் சர்வரை ஓட்டிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. 2016 மே மாதத்தில், கூகுள் குழுமத்தைச் சேர்ந்த நெஸ்ட், ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியின் சர்வர்களை நிறுத்தியது. 300 டாலருக்கு, வாழ்நாள் சந்தா உண்டு என்று சொல்லி விற்ற கருவி அது. நிறுத்திய அன்றே ஒன்றுக்கும் உதவாத பெட்டியாயிற்று. இங்கே நான் கேட்பது நிரந்தரச் சேவையை அல்ல. எத்தனை ஆண்டு நடத்துவோம் என்பதை விற்கும்போதே பெட்டியின் மேல் எழுதட்டும். அந்தக் காலத்துக்குள் நிறுத்தினால் விலையில் ஒரு பங்கைத் திருப்பித் தரட்டும். காலம் முடிந்தபின் நிறுத்தினால், கருவி வீட்டு வலையமைப்புக்குள் தானாக இயங்கும்படி திறந்துவிட்டுப் போகட்டும். ஸ்பாட்டிஃபை நிறுவனம் கார்களுக்காக விற்ற தன் கருவியை 2024 டிசம்பரில் செயலிழக்கச் செய்தபோது, எதிர்ப்புக்குப் பின்னாவது வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. செய்ய முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை என்பதற்கு அதுவே போதும்.

மிகச் சிலர்தான் அந்த வசதியைப் பயன்படுத்தினார்கள் என்ற வாதத்துக்கு நீண்ட விடை தேவையில்லை. பயன்படுத்தியவர் சிலரே என்றால் ஈடு கொடுக்கும் செலவும் சிறிதே. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2009 ஜூலையில் அமேசான், உரிமை இல்லாத ஒருவர் விற்ற ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நாவல்களை வாடிக்கையாளர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து கேளாமலே அழித்தது. விலை முழுவதும் திருப்பித் தரப்பட்டது. அப்படியும் நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் அது தவறு என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. புத்தகத்தோடு ஒரு மாணவர் எழுதி வைத்திருந்த குறிப்புகளும் பயனற்றுப் போயிருந்தன. ஈடு கொடுப்பது கேட்டபின் எடுப்பதற்குரிய விலை. கேளாமல் எடுப்பதற்கான உரிமம் ஆகாது.

ஆகவே நம் நாட்டில் செய்ய வேண்டியது மூன்று பேரிடம் இருக்கிறது. நாடாளுமன்றம், பொருளின் தன்மையை விற்றபின் ஒருதலையாகக் குறைக்கும் நிபந்தனையை நேர்மையற்ற ஒப்பந்தங்களின் பட்டியலில் சேர்த்து, அதை விசாரிக்கும் அதிகாரத்தை மாவட்ட ஆணையத்துக்கும் தர வேண்டும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், புகார் வரும்வரை காத்திராமல் தானே விசாரிக்க வேண்டும். நேர்மையற்ற நடைமுறையை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை 20-ஆம் பிரிவு அதற்குக் கொடுத்திருக்கிறது. ஐஃபோன் அப்டேட்டுக்குப் பின் செயல்பாடு கெட்டதாக வந்த புகார்களின் பேரில் 2025 ஜனவரியில் அது ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியது நல்ல தொடக்கம். பாதுகாப்புத் திருத்தங்களையும் வசதி நீக்கத்தையும் ஒரே அப்டேட்டில் கட்டி அனுப்பக் கூடாது என்ற ஒரு விதியை அது வகுத்தாலே, பிளேஸ்டேஷன் வாங்கியவர்கள் நின்ற முச்சந்தியில் இனி எவரும் நிற்க வேண்டியிராது.

மூன்றாமவர் நாம். இந்த அரங்கில் இருக்கும் சட்ட மாணவர்களையும் நுகர்வோர் அமைப்பினரையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான். கருவி வாங்கிய ரசீதையும், பெட்டியையும், வசதிகளைப் பட்டியலிட்ட விளம்பரத்தையும் பத்திரப்படுத்துங்கள். அப்டேட்டை ஏற்கும் முன் அது எதை நீக்குகிறது என்ற அறிவிப்பைப் படம் பிடித்து வையுங்கள். ஒரே பாதிப்புக்கு உள்ளானவர்கள் சேர்ந்து, ஆணையத்தின் அனுமதியோடு, எல்லோருக்குமாக ஒரே புகாரைத் தொடுக்க 35-ஆம் பிரிவு வழி தருகிறது. புகாரில் சேவைக் குறைபாடு என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவைக் கட்டாயம் எழுதுங்கள். எந்த ஆணையமும் எழுதாத வாதத்தின் மேல் தீர்ப்புச் சொல்லாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து புகார் செய்யச் சட்டம் தரும் காலம் இரண்டு ஆண்டு.